போனை எடுக்காத பிரதமர்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இத்தனை வருடம் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்தே பிழைத்தவனுக்கு அதற்கு மேல் ஒரு பயம் தேவையும் இல்லை. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க, அயனம்பாக்கத்தில் என் வீட்டுப் பின்னறைக்குள் பட்டப்பகலில் போவதற்கே எனக்குக் கால் வரவில்லை. அதை மறைத்துப் பேசிப் பிரயோஜனமில்லை.

நானும் என் நண்பனும் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள். பத்திரிகை இளைத்து ஆட்களைக் குறைத்தபோது இரண்டு பேரும் வெளியே வந்தோம். அவன் ஒரு செய்தி இணையதளத்தில் ஷிப்ட் வேலைக்குப் போனான். நான் வீட்டிலிருந்தபடி கட்டுரைகள் எழுதினேன். வயிற்றெரிச்சலைக் கொட்ட ஓர் இடம் வேண்டுமே என்று யூடியூபில் வாரம் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தோம். திரையின் வலது பாதியில் நான் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, வெளியுறவு நிபுணர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். இடது பாதியில் அவன் பனியனுக்கு மேல் பொத்தான் போடாத சட்டையோடு அம்பத்தூர் அண்ணாத்தேயாகப் பதில் சொல்லுவான். அதற்கு அவன் நடிக்கவே வேண்டாம். அவன் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். நான்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தவன். நிகழ்ச்சியில் எங்கள் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. வழக்குப் போடுகிறவர்களுக்கு நாமே ஏன் வேலையைச் சுலபமாக்க வேண்டும் என்பான்.

உலக அரசியலை அவன் ஷேர் ஆட்டோவை வைத்துத்தான் விளக்குவான். வல்லரசு என்றால் டிரைவர் பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவன். சின்ன நாடு என்றால் வெளியே தொங்குகிறவன். அணிசேரா நாடு என்றால் எந்த ஆட்டோவிலும் ஏறாமல் வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றுகொண்டு எல்லா ஆட்டோவுக்கும் கை காட்டுகிறவன். உள்ளூர்க் கூட்டணிப் பேச்சுக்கும் இதே ஆட்டோதான். தலைவர்கள் வெளியிடும் கூட்டறிக்கையைப் படிக்கவும் அவனிடம் ஓர் அகராதி இருந்தது. "பேச்சுவார்த்தை பயனுள்ளதா இருந்துச்சுன்னா, டீ குட்ச்சாங்கன்னு அர்த்தம். வெளிப்படையா இருந்துச்சுன்னா டீ கூட குட்க்கல."

இனி சொல்லப்போவதற்கு எங்கள் வேலைமுறை தெரிந்திருக்க வேண்டும். செய்தி வாரத்தின் நடுவில் வரும், அப்போது அவனுக்கு ஷிப்ட். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அதனால் அவன் தன் பாதியை முன்கூட்டியே பேசிப் பதிவு செய்துவிடுவான். நடக்காத செய்திக்கு எப்படிப் பதில் சொல்வாய் என்று ஆரம்பத்தில் கேட்டேன். "மாமே, இத்தினி வருசமா இன்னா மொழிபெயர்த்தோம் நாம? அதே நூஸுதான் வந்துகினு கீது. பேர மட்டும் மாத்திக்க" என்றான். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. போர்நிறுத்தம், போர்நிறுத்த மீறல், வரி விதிப்பு, வரிக்குப் பதில் வரி, கண்டனம், ஆழ்ந்த கவலை, தொகுதிப் பங்கீடு, பங்கீட்டில் இழுபறி என்று ஒவ்வொன்றுக்கும் பொதுவாகப் பேசி வைப்பான். நடுநடுவே என் கேள்விக்காக இடைவெளி விடுவான். அந்த இடைவெளியில் தலையைச் சாய்த்துக் கேட்பான், தலையாட்டுவான், புருவத்தைத் தூக்குவான். சில இடங்களில் விழுந்து விழுந்து சிரிப்பான். எதற்குச் சிரித்தான் என்பதை நான் பிறகு கண்டுபிடித்து எழுத வேண்டும்.

திருமுல்லைவாயிலிலிருந்து ஞாயிறு காலை ஸ்கூட்டரில் வருவான். ஏரியைப் பார்த்த என் பின்னறையில், பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடகடவென்று பேசித் தள்ளுவான். பக்கத்து வீட்டு குக்கர் விசில் எப்படியும் பதிவுக்குள் வந்துவிடும், அதை நாங்கள் விட்டுவிட்டோம். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் மைக்கைக் கழற்றியபடி, "சரி, கெளம்பலாமா? டீ ஆறிடப் போவுது" என்பான். அதை வெட்டிவிட்டுத்தான் நான் ஏற்றுவேன்.

நிகழ்ச்சியின் முடிவில் ஒரு சடங்கு உண்டு. அந்த வாரம் எது செத்ததோ அதன் படத்துக்குச் சந்தன மாலை போடுவோம். ஒரு வாரம் சமாதான ஒப்பந்தம், ஒரு வாரம் தேர்தல் வாக்குறுதி, ஒரு வாரம் ஒரு கட்சியின் கொள்கை. ஒருமுறை அவன் தன் படத்துக்கே மாலை போட்டு, கீழே 'நடுநிலைமை' என்று எழுதினான். அந்த வீடியோவைத்தான் ஜனங்கள் அதிகம் பார்த்தார்கள். எங்கள் நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் அனுப்பினார்கள்.

ஒரு நாள் காலை திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தவன் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள். கையில் போன் இருந்தது.

அவன் மனைவி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பாவுக்கு டாங்கித் தொழிற்சாலையில் வேலை. அவள் அம்பத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பால் தெளித்துவிட்டு வந்த அன்று, உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். தன் போனை நீட்டினாள். அவன் பெயருக்கு நேரே ஒரு மிஸ்டு கால் இருந்தது.

"கடைசியா என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு அண்ணா. நான் எடுக்கலை."

எடுக்காததற்கு என்ன காரணம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரியலை. வலிக்குதுன்னு சொல்லவா, யாரையாவது அனுப்புன்னு சொல்லவா? எடுத்திருந்தா பக்கத்துல இருக்கிறவங்களையாவது கூப்பிட்டிருப்பேன்ல?" என்றாள். பிறகு, "அவர் பேசி வெச்சது இன்னும் உங்ககிட்ட இருக்குல்ல? அது தீர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. வெளியாளுங்களுக்குச் சொல்லாதீங்க. அவரு பேசிட்டு இருக்கட்டும்" என்றாள்.

பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? சரிம்மா என்றேன்.

முதலில் எல்லாம் வேலையாகத்தான் நடந்தது. அவன் நாற்காலியின் மேல் டிவியை வைத்தேன். அதில் அவன் பதிவை ஓடவிட்டு, எதிரே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று முன்பே அளந்து வைத்து, அதற்குள் அடங்குமாறு கேள்விகளை எழுதினேன். அந்த வாரம் ஒரு போர்நிறுத்தம் அறிவித்த வேகத்தில் முறிந்திருந்தது.

"இரு தரப்புமே மற்றவர்தான் மீறினார் என்று குற்றம் சாட்டுகின்றனவே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் நிறுத்துனது நெசம் மாமே. யாரு மொதல்ல நிறுத்துனதுன்னுதான் இப்ப சண்டையே" என்றான் அவன்.

எப்போதும் போல வீடியோ போயிற்று. எப்போதும் போல சிரித்தார்கள். செத்தவன் பேசுகிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செய்தியிலும் எந்த வித்தியாசமும் இல்லை. அவன் போன பிறகும் உலகம் அவன் எழுதி வைத்த வசனத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த பதிவு ஒன்றில் அவன் சம்பந்தமில்லாமல், "இந்தத் தபா மழையில நனைஞ்சுகினே கை குட்ப்பாங்க பாரு, கொட புடிக்கிறவன ஆளக் காணோம்" என்று சொல்லியிருந்தான். அதை வெட்டிவிடலாமா என்று யோசித்து, சோம்பலில் விட்டுவிட்டேன். வீடியோ போன அன்று சாயங்காலமே, எங்கோ ஒரு விமான நிலையத்தில் இரண்டு தலைவர்கள் குடையில்லாமல் சொட்டச் சொட்ட நனைந்தபடி கைகுலுக்கும் படம் வந்தது. அண்ணாத்தே தீர்க்கதரிசி என்று எழுதினார்கள். தற்செயல்தான். இவ்வளவு பேசி வைத்தால் ஒன்றிரண்டு பலிக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு நான் இடைவெளியை அளப்பதை நிறுத்தினேன். அளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நான் கேள்வியை முடிக்கிற இடத்தில் அவன் வாயைத் திறந்தான். நீளமாகக் கேட்டால் பொறுமையாகக் காத்திருந்தான். சுருக்கமாகக் கேட்டால் சட்டென்று பதில் சொன்னான். ஒருமுறை கேள்வியின் நடுவில் எனக்கு இருமல் வந்து பேச்சு நின்றுவிட்டது. டிவியில் அவன் புருவத்தைத் தூக்கி, இன்னாச்சு என்பது போலப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் பதில் சொன்னான். அன்றைக்குப் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே ஏற்றிவிட்டேன்.

குக்கர் விசில் வேறு படுத்தியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு சிறுசேரிப் பக்கம் போய்விட்டார்கள். பூட்டிய வீடு. இனி விசில் வந்தால் அது டிவியிலிருந்துதான் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் முற்பகலில் ஏரியைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்றிருந்தேன். டிவி அணைந்திருந்தது. எங்கள் பதிவுகளில் எப்போதும் கேட்கிற அதே விசில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன். கீழே வாட்ச்மேன், "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

இதற்கெல்லாம் மேல் அவன் மனைவியின் குறுஞ்செய்திகள். ஒவ்வொரு வீடியோவுக்குப் பிறகும் ஒன்று வரும். 'இன்னிக்கு நல்லா பேசினாரு.' 'இன்னிக்கு சட்டையில பொத்தான் போட்டிருக்கலாம்.' பிறகு ஒன்று வந்தது: 'இன்னிக்கு ரொம்பக் களைப்பா இருக்காரு அண்ணா. சீக்கிரம் விட்டுடுங்க.' நான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தது. பதிவு செய்த அன்று அது இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவள் நிலைமைதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அவள் ஆபீசுக்குப் போய் வந்தாள், சாப்பிட்டாள், எல்லாரிடமும் பேசினாள். ஆனால் அந்த ஒரு மிஸ்டு காலைத் தாண்டி அவள் நகரவே இல்லை. தினமும் அதை எடுத்துப் பார்க்கிறாள் என்று அவள் அம்மா போனில் சொல்லி அழுதார்.

கடைசியில் ஒரே ஒரு பதிவு மிச்சமிருந்தது. ஒரு நாட்டு அதிபர் வெளிநாட்டுப் பயணத்திலிருந்தபடி இன்னொரு நாட்டுப் பெண் பிரதமருக்குப் போன் போட்டாராம், அந்தம்மா எடுக்கவில்லையாம், அதை வைத்துப் பெரிய ராஜதந்திரச் சண்டை. அப்படி ஒரு கற்பனைச் செய்தி. அவன் அதைப் பேசிய அன்று நான் டீ போடப் போய்விட்டதால் முழுதாகக் கேட்கவும் இல்லை. அதற்குப் பொருத்தமான செய்தி எதுவும் வராததால் அப்படியே கிடந்தது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று அவளிடம் சொன்னேன். ஞாயிறு காலை அவளே வந்துவிட்டாள். அவன் ஸ்கூட்டரில்தான் வந்தாள். சத்தத்தைக் கேட்டதும் என்னையறியாமல் அடுப்பில் டீ வைத்தேன்.

"அண்ணா, இந்த ஒரு தடவை உங்க இடத்துல நான் உக்காந்துக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்து, ஒருமுறை தலைமுடியைத் தடவிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவன் முன்னால் உட்காருவது போல இருந்தது. பதிவை ஓடவிட்டேன்.

அவன் வந்தான். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, வலது பக்கம் பார்த்துத் தலையைச் சாய்த்தான்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்ல" என்றான் அவன். "போன எடத்துல நல்லாத்தான் கவனிச்சுக்கிறாங்க. பூவு இன்னா, மாலை இன்னா."

வெளிநாடு போன அதிபரைப் பற்றிச் சொன்னது அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்குக் காலையில எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவன் தாடையைச் சொறிந்தான். லேசாகச் சிரித்தான். "பெருசா ஒண்ணியும் இல்ல. சும்மாதான் போட்டது. பெரிய ஆளு போன் போட்டாலே இன்னாவோ ரகசியம்னு நெனச்சுக்கிறாங்க. கெளம்பிட்டேன்னு சொல்லப் போட்டிருப்பாரு."

அவள் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அவன் தலையைச் சாய்த்தபடி காத்திருந்தான். கேட்டுக்கொண்டவன் போல மெதுவாகத் தலையாட்டினான்.

"எட்க்கலன்னா இன்னா இப்ப? அத்தப் போயி ஒரு குத்தம்னு சொல்லிகினு... அந்தம்மா குளிச்சுகினு இருந்திருக்கும். பிரதமரா இருந்தா குளிக்கக் கூடாதா? இதுக்குப் போயி எல்லையில பட்டாளத்த நிறுத்துவாங்களா?"

பிறகு மைக்கைக் கழற்றினான். "சரி, கெளம்பலாமா? டீ ஆறிடப் போவுது." திரை கறுப்பானது.

அவள் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"குளிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணா" என்றாள். "யார்கிட்டயும் சொல்லலை. தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சது கேட்டுச்சு. வந்து பேசிக்கலாம்னு இருந்துட்டேன்."

நான் எவ்வளவோ யோசித்துவிட்டேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். போனை எடுக்காத பெண்ணைப் பற்றி எந்தக் கிண்டல்காரனைப் பேசச் சொன்னாலும் குளித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்லுவான். எங்கள் தொழிலில் அது ரொம்பச் சாதாரணமான ஜோக். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மாமே என்கிறவன், அந்தப் பதிவு முழுக்க ஒரு தடவை கூட மாமே என்று சொல்லவில்லை.

அவள் அழுதாள். அவன் போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். அழுது முடித்து, ஆறிய டீயை முழுதும் குடித்தாள். "சொல்லிடுங்க அண்ணா. அவரு இல்லைன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றாள்.

அந்த வாரம் நான் டை கட்டவில்லை. சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்து, என் நண்பன் இறந்துவிட்டான் என்று சொன்னேன். பக்கத்தில் அவன் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தேன். வேறு என்ன செய்வது? அவனுக்கு அதைத்தான் செய்ய வேண்டும்.

செம என்று எழுதினார்கள். நடிப்பு அள்ளுது மாமே என்றார்கள். இந்த வாரம் செத்தது எது, கூட்டணியா, ஒப்பந்தமா என்று பந்தயம் கட்டினார்கள். போன மாசம்தானே மழையைப் பற்றிப் பேசினார், இதோ ஆதாரம் என்று சிலர் பழைய வீடியோவை எடுத்துப் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒவ்வொருவருக்கும் உண்மை உண்மை என்று பதில் எழுதினேன். அதையும் ரசித்தார்கள். எத்தனையோ சாவுக்கு நாங்கள் மாலை போட்டுச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தோம், அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் கடைசியாக ஒன்று செய்தேன். டிவியை எடுத்துவிட்டு இடது பாதியில் காலி நாற்காலியைக் காட்டினேன். வலது பாதியில் இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணாத்தே, இந்த வாரம் உலகத்துல என்ன விசேஷம்?" அவன் வழக்கமாகப் பதில் சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருந்தேன். நாற்காலியை மட்டும் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே யாரும் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஒருவர் மட்டும், 'நடுவுல குக்கர் விசில் கேக்குது, அது எங்க இருந்து?' என்று கேட்டிருந்தார். பக்கத்து வீடு இன்னும் பூட்டித்தான் கிடந்தது. நான் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது போனில் அவன் மனைவியின் மிஸ்டு கால் ஒன்று இருந்தது. துண்டோடு நின்றபடி திரும்பக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை அண்ணா, ஆபீசுக்குக் கிளம்பிட்டேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றாள். பின்னால் ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. "நீங்க எடுக்கலை. சரி, குளிச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

என் தலையிலிருந்து தண்ணீர் போன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.